சீருடையைக் கழற்றிய பிறகு சேரிக்கு என்ன மிச்சம்?

எங்கள் இரவுப் படிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவன் போன மாதம் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். "அண்ணா, அக்னிவீருக்கு ஆன்லைன்ல போடலாம்னு இருக்கேன். போலாமா, வேண்டாமா?" எங்களில் ஒருவர் போகாதே என்றார். இன்னொருவர் போய்ப் பார்க்கட்டுமே என்றார். பேச்சு முற்றியபோது அவனே சொன்னான்: "எங்க பெரியப்பா மிலிட்டரில இருந்தவருதான். அவரக் கேட்டுப் பாக்கலாமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனோம். மேற்கு மாவட்டம் ஒன்றில், தோட்டங்களைத் தாண்டித் தள்ளி நிற்கும் அருந்ததியர் காலனி. பெரியவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை. பதினேழு ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தவர். காஷ்மீர், அஸ்ஸாம், ராஜஸ்தான் எல்லாம் பார்த்தவர். இரும்புப் பெட்டியைத் திறந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அதில் அவருடைய தொழிற்பிரிவு 'சஃபாய்வாலா'. துப்புரவுப் பணியாளர்.

"இப்ப என்னங்க பண்றீங்க?" என்று கேட்டோம். பக்கத்து நகரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராம். அவருக்குக் கீழே பதினெட்டுப் பெண்கள். அத்தனை பேரும் நம் சனம். "அங்கயும் இதேதானுங்க தம்பி. யூனிபாரந்தான் மாறியிருக்குது" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆனா ஒண்ணு. பென்சன் வருதுங்க. மாசம் பொறந்தா எவந்தோட்டத்து வாசல்லயும் போயி நிக்க வேண்டியதில்ல. எங்கப்பன் நின்னாரு. எங்கம்மா நின்னாங்க. நான் நிக்கல."

முன்னாள் படைவீரர் மறுவாழ்வு என்று அரசு பேசும் விஷயம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது. அரசு அவருக்குக் கொடுத்த வேலை சாதி அவருக்கு ஒதுக்கிய வேலை. அரசு கொடுத்த ஓய்வூதியமோ அவரைச் சாதியின் பிடியிலிருந்து கொஞ்சம் விடுவித்தது. இன்று அரசு முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை வெட்டுகிறது. இதைத்தான் எதிர்க்கிறோம்.

'நமக்கெதற்கு ராணுவம்?'

நம் தோழர்கள் சிலர் இந்த இடத்திலேயே குறுக்கிடுவார்கள். ராணுவம் அரசின் ஒடுக்குமுறைக் கருவி, காஷ்மீரிலும் மணிப்பூரிலும் அது என்ன செய்தது என்று தெரியாதா, தலித் இயக்கம் ஏன் படைவீரர் நலனைப் பேச வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தைப் பற்றி நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சேரியிலிருந்து ராணுவத்துக்குப் போகிறவன் போர்வெறியில் போகிறானா? நிலமில்லை. பிழைப்பு இல்லை. கல்லூரியில் சேர்ந்தால் மூன்று வருடத்துக்கு வருமானமில்லை. ஓடத் தெரியும், கஷ்டப்படத் தெரியும். அதனால் போகிறான். அவன் போவதற்குக் காரணமான பசியைப் பேசாமல், போனதை மட்டும் குற்றமாக்குவது நடுத்தர வர்க்கத்துச் சொகுசு.

இன்னொன்றும் உண்டு. தலித் விடுதலை வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் ராணுவ ஓய்வூதியக்காரர்கள் இருக்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் பிறந்தது மாவ் ராணுவ முகாமில். தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். ராணுவப் பள்ளியில் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் படைவீரர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் படிப்பு கட்டாயமாக இருந்தது. கிராமப் பள்ளியின் திண்ணையில்கூட இடம் கிடைக்காத காலத்தில் ராணுவ முகாமுக்குள் மகர் பிள்ளைகள் எழுத்து கற்றார்கள். கொங்கணத்தில் டபோலி என்ற ஊரில் ஓய்வுபெற்ற மகர் படைவீரர்கள் குடியிருந்தார்கள். ராம்ஜியும் ஓய்வுபெற்று அங்கேதான் போனார். தீண்டாமைக்கு எதிராக முதலில் எழுதியவர்களில் ஒருவரான கோபால் பாபா வாலாங்கரும் ஓய்வுபெற்ற படைவீரர்தான்.

ஏன் இவர்களால் முடிந்தது? எழுத்து தெரிந்தது ஒரு காரணம். மாதம் பிறந்தால் கைக்கு வந்த பணம் இன்னொரு காரணம். கிராமத்து மகர் எவர் வீட்டுக் களத்திலோ அள்ளிப்போடும் தானியத்துக்குக் கைகட்டி நின்றார். ஓய்வூதியம் வாங்கும் மகர் நிற்கவில்லை. நிற்காதவரால்தான் எழுத முடிந்தது, மனு கொடுக்க முடிந்தது, மகனை எல்ஃபின்ஸ்டன் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. ஓய்வூதியத்தைக் கருணைத் தொகையாகப் பார்க்காதீர்கள். ஊரின் தயவில்லாமல் வாழச் சேரிக்குக் கிடைத்த முதல் வருமானங்களில் ஒன்று அது.

அதனால்தான் அது பறிக்கப்பட்டது. 1892-93 வாக்கில் மகர்களை ராணுவத்தில் சேர்ப்பதை ஆங்கிலேயர் நிறுத்தினார்கள். தலைமைத் தளபதி ராபர்ட்ஸின் காலத்தில் வலுப்பெற்ற 'போர்க்குடி' கொள்கை அது. சில சாதிகள் பிறப்பிலேயே வீரர்கள், மற்றவர்கள் அல்ல என்ற கொள்கை. மனுவின் வாசகத்தை ஆங்கிலத் தளபதி தன் மொழியில் சொன்னார். 1818 சனவரி 1இல் கோரேகானில் போரிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, நீங்கள் வீரக்குடி இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். சென்னைப் படையிலும் இதே கதைதான். பறையர் வீரர்கள் பெருமளவில் இருந்த சென்னைக் காலாட்படை படிப்படியாகக் குறைக்கப்பட்டது. மெட்ராஸ் சாப்பர்ஸ் போன்ற பொறியியல் படையில் மட்டும் கொஞ்சம் இடம் மிஞ்சியது.

பிறகு என்ன நடந்தது? போர் வந்தால் கூப்பிட்டார்கள், போர் முடிந்தால் அனுப்பினார்கள். முதல் உலகப்போரில் 1917இல் மகர் படைப்பிரிவு ஒன்றைத் தொடங்கி, 1921இல் கலைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் 1941இல் மகர் ரெஜிமென்ட் மீண்டும் வந்தது. 1943இல் சமார் ரெஜிமென்ட் தொடங்கி 1946இல் கலைக்கப்பட்டது. நான்கு ஆண்டு, மூன்று ஆண்டு என்று நம்மைக் கூப்பிட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்புவது 2022இல் புதிதாகக் கண்டுபிடித்த திட்டம் இல்லை, தோழர்களே.

அண்ணலின் துறையில் பிறந்த வேலைவாய்ப்பு அலுவலகம்

பத்தாவது முடித்ததும் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யப் போனவர்கள் நாம். அந்த அலுவலகம் எப்படி வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் லட்சக்கணக்கான இந்திய வீரர்கள் வீடு திரும்பவிருந்தார்கள். அவர்களுக்கும் போர்க்காலத் தொழிலாளர்களுக்கும் வேலை தேடித் தர 1945 ஜூலையில் மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்பு இயக்குநரகம் தொடங்கப்பட்டது. அதன் கீழ் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறக்கப்பட்டன. 1948இல் அவை எல்லாக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. அந்த இயக்குநரகம் வந்தது தொழிலாளர் துறையின் கீழ். 1942 முதல் 1946 வரை அத்துறையின் பொறுப்பில் இருந்தவர் அண்ணல் அம்பேத்கர்.

இதை எதற்குச் சொல்கிறோம்? திரும்பி வரும் வீரனுக்கு வேலை தேடித் தருவது அரசின் கடமை என்று 1945இலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டது. நன்றிக்கடன் என்றோ நன்கொடை என்றோ அல்ல, ஓர் அலுவலகம், ஒரு பதிவேடு, ஒரு வரிசை என்ற நிர்வாக வடிவில். முகத்தைப் பார்க்காமல் பதிவு எண்ணைப் பார்க்கும் வரிசையில்தான் தலித்துக்கு ஓரளவேனும் நியாயம் கிடைக்கும். அந்த வரிசை இன்று உயிரோடு இருக்கிறதா என்பதே கேள்வி.

காகிதத்தில் பத்து, கையில் ஒன்று

இன்றைய ஏற்பாட்டைப் பார்ப்போம். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம் இருக்கிறது. மத்திய சைனிக் வாரியம் இருக்கிறது. தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரர் நலத்துறையும் மாவட்டந்தோறும் அதன் அலுவலகமும் இருக்கின்றன. மத்திய அரசின் குரூப் 'சி' பணிகளில் 10 சதவீதம், குரூப் 'டி' பணிகளில் 20 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு. பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் 14.5 மற்றும் 24.5 சதவீதம். பத்தாவது படித்து 15 ஆண்டு பணி முடித்தவர், பட்டப்படிப்பு கேட்கும் குரூப் 'சி' பணிக்கும் விண்ணப்பிக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நடந்தது என்ன? 2021 ஜூன் 30 நிலவரப்படி மறுவாழ்வு இயக்குநரகத்திடம் இருந்த கணக்கு இது. தகவல் தந்த மத்திய அரசுத் துறைகளில் குரூப் 'சி' ஊழியர்கள் 10,84,705 பேர். அவர்களில் முன்னாள் படைவீரர்கள் 13,976 பேர். 10 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 1.29 சதவீதம். குரூப் 'டி'யில் 20 சதவீதத்துக்குப் பதில் 2.66 சதவீதம். 77 துறைகளில் 34 மட்டுமே தகவல் கொடுத்தன. மீதித் துறைகள் கணக்கைக்கூடக் கொடுக்கவில்லை. பொதுத்துறை வங்கிகள் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை: குரூப் 'சி'யில் 9.10 சதவீதம்.

பட்டியலினப் பின்னடைவுக் காலியிடங்களுக்காகப் போராடிய நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று கோப்பில் எழுதி இடத்தைக் காலியாக விடும் அதே கை இங்கும் வேலை செய்கிறது. நம்மைப் பார்த்து 'தகுதி இல்லை' என்றவர்கள், எல்லையில் நின்ற வீரனைப் பார்த்தும் அதையே சொல்கிறார்கள். தேசபக்தி மேடையில் கைதட்டல், தேர்வு வாரியத்தில் 'தகுதியில்லை'.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. சதவீதத்தைத் தொடாமலே பதவியை ஒழித்துவிடுவது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு குரூப் 'டி' என்ற பிரிவே இல்லாமல் போனது. கடைநிலை வேலைகள் ஒப்பந்தத்துக்குப் போயின. காவலர், துப்புரவு, தோட்டக்காரர், அலுவலக உதவியாளர் எல்லாம் வெளி ஏஜென்சி ஆட்கள். ஒப்பந்தக்காரரிடம் ரோஸ்டர் இல்லை. அங்கே பட்டியலின இடஒதுக்கீடும் இல்லை, முன்னாள் படைவீரர் இடஒதுக்கீடும் இல்லை. இருபது சதவீதம் அப்படியே இருக்கிறது. எதில் இருபது என்று கேட்டால் பதில் இல்லை. எனவே அரசு வேலையைத் தனியார்மயமாக்குவதை எதிர்ப்பதும் படைவீரர் உரிமை கேட்பதும் ஒரே போராட்டம்.

மாணவர்கள் சிலரிடம் ஒரு தவறான புரிதல் இருக்கிறது. முன்னாள் படைவீரர் இடஒதுக்கீடு நம் பங்கைத் தின்கிறது என்கிறார்கள். இல்லை. 1992 இந்திரா சஹானி தீர்ப்பின்படி, சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடு செங்குத்தானது. முன்னாள் படைவீரர், மாற்றுத்திறனாளி போன்றவை கிடைமட்டமானவை. தேர்வான படைவீரர் எந்தப் பிரிவினரோ அந்தப் பிரிவில் பொருத்தப்படுவார். மேலும், 2020 டிசம்பரில் சௌரவ் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: இடஒதுக்கீட்டுப் பிரிவினர் மதிப்பெண் அடிப்படையில் பொதுப்பிரிவின் கிடைமட்ட இடத்துக்கும் வரலாம், பொதுப்பிரிவு என்பது முன்னேறிய சாதிகளுக்கான ஒதுக்கீடு அல்ல. ஆக, போதிய மதிப்பெண் எடுத்த தலித் படைவீரரை, 'நீ எஸ்.சி. பட்டியலில்தான் வர வேண்டும்' என்று தடுத்தால் அது சட்டவிரோதம். இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தேர்வுப் பட்டியல் வந்ததும் சரிபாருங்கள்.

அதிகாரி முதலாளி, சிப்பாய் வாட்ச்மேன்

மறுவாழ்வுத் திட்டங்களின் உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு மாடிகள் தெரியும். மேல்மாடியில் அதிகாரிகள். அவர்களுக்கு மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் பயிற்சி, பெட்ரோல் பங்க் நிர்வாகம், நிலக்கரி ஏற்றிச்செல்லும் ஒப்பந்தம், செக்யூரிட்டி நிறுவனம். கீழ்மாடியில் சிப்பாய்கள். அவர்களுக்கு அந்தச் செக்யூரிட்டி நிறுவனத்தில் காவலர் வேலை. அரசு பட்டியலிடும் இந்த நிறுவனங்களைப் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிகாரிகளே நடத்துகிறார்கள். வாசலில் நிற்பவர்கள் ஓய்வுபெற்ற சிப்பாய்கள். படையில் சல்யூட் அடித்தவன் வெளியிலும் சல்யூட் அடிக்கிறான். தமிழ்நாட்டில் 1986இல் தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோவும் முக்கியமாக வழங்குவது காவலர் வேலைதான்.

வாட்ச்மேன் வேலை கேவலம் என்று நாங்கள் சொல்லவில்லை. பதினேழு ஆண்டுகளில் ஒயர்லெஸ் கற்றவன், கனரக வண்டி ஓட்டியவன், பாலம் கட்டியவன், மருத்துவ உதவி செய்தவன் எல்லாரையும் ஏ.டி.எம். வாசலில் ஒரே நாற்காலியில் உட்கார வைப்பதற்கு 'மறுவாழ்வு' என்று பெயர் வைக்காதீர்கள் என்கிறோம்.

கீழ்மாடிக்கும் கீழே ஒரு நிலவறை உண்டு. ராணுவத்தில் 'டிரேட்ஸ்மேன்' என்ற பிரிவு இருக்கிறது. சமையல், முடிதிருத்தம், சலவை, செருப்புத் தைத்தல், துப்புரவு. சாதி பார்த்து ஆளெடுப்பதில்லை என்பார்கள். ஆனால் இந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: இது எந்த ஊரின் குடிமைத் தொழில் பட்டியல்? 'சஃபாய்வாலா'வை இப்போது 'ஹவுஸ் கீப்பர்' என்று மாற்றியிருக்கிறார்கள். அக்னிவீர் டிரேட்ஸ்மேன் தேர்வில் மற்றத் தொழில்களுக்குப் பத்தாம் வகுப்பு கேட்கிறார்கள். ஹவுஸ் கீப்பருக்கும் மெஸ் கீப்பருக்கும் எட்டாம் வகுப்பு போதும். எட்டாவதோடு பள்ளியை விட்டு நின்றவன் யார்? ஏன் நின்றான்? அந்தப் பள்ளியில் கழிப்பறை கழுவச் சொல்லப்பட்டவன் யார்? விடை தெரிந்தவர்களுக்கு இது தற்செயல் இல்லை என்றும் தெரியும்.

அதே தொழிற்பிரிவுதான் ஓய்வுக்குப் பின்னும் அவனைத் துரத்துகிறது. படையில் என்ன தொழில் செய்தானோ அதற்கு ஈடான சிவிலியன் தொழில் எது என்று பார்த்து வேலைக்கு அனுப்புகிறார்கள். டிரைவருக்கு டிரைவர், எலக்ட்ரீஷியனுக்கு எலக்ட்ரீஷியன். துப்புரவாளருக்கு? எங்கள் தம்பியின் பெரியப்பாவைப் பாருங்கள். பதினேழு ஆண்டு தேசசேவை அவரைக் கொண்டுபோய் விட்ட இடம் எது?

கடன் திட்டங்களின் கதையும் வேறில்லை. தமிழ்நாடு அரசு 2024இல் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தை அறிவித்தது. முன்னாள் படைவீரர் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக்கடன், அதில் 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். நல்ல அறிவிப்புதான், வரவேற்கிறோம். ஆனால் கடனைத் தருவது வங்கி. மேலாளர் என்ன கேட்பார்? சொத்து என்ன, ஜாமீன் யார், கடைக்கு இடம் எங்கே? ஊருக்குள் நிலம் உள்ள வீரன் பத்திரத்தை நீட்டுவான். காலனியில் மூன்று சென்ட் இலவசப் பட்டா உள்ளவன் எதை நீட்டுவான்? ஊரின் கடைவீதியில் அவனுக்கு யார் கடையை வாடகைக்கு விடுவார்? மானியம் சமம். மானியத்தை எட்டிப்பிடிக்கும் ஏணி சமமில்லை.

நிலம் யாருக்குப் போனது?

படைவீரனுக்கு நிலம் கொடுப்பது பழைய வழக்கம். பஞ்சாபில் கால்வாய்க் குடியேற்றங்களில் ராணுவச் சேவைக்காக ஆங்கிலேயர் நிலம் கொடுத்தார்கள். ஆனால் அதே பஞ்சாபில் 1900ஆம் ஆண்டின் நில உரிமை மாற்றச் சட்டம் 'விவசாயக் குடிகள்' என்று சாதிப்பட்டியல் போட்டது. உழுதவர்கள் தலித்துகளாக இருந்தும் அந்தப் பட்டியலில் அவர்கள் இல்லை. வீரம் காட்டியவனுக்கு நிலம், ஆனால் வீரன் யார் என்பதையும் விவசாயி யார் என்பதையும் சாதி முடிவு செய்யும்.

நம் சென்னை மாகாணத்திலும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், அப்போது மாகாணத்தில் இருந்த வயநாட்டில் முன்னாள் படைவீரர் குடியேற்றத் திட்டம் வந்தது. எங்கே குடியேற்றினார்கள்? ஆதிவாசிகள் வாழ்ந்த மண்ணில். வீரனுக்கு மறுவாழ்வு, பழங்குடிக்கு வெளியேற்றம். பெரும் பண்ணைகளைத் தொடாமல் நிலம் கொடுக்க நினைத்தால் அரசு கடைசியில் எளியவன் நிலத்தில்தான் கைவைக்கும். ஆகவே தலித் படைவீரருக்கு நிலம் கேட்கும்போது ஒன்றைச் சேர்த்தே கேட்க வேண்டும்: 1892 ஆணையின் வழி நமக்கு ஒதுக்கப்பட்டு ஆதிக்கச் சாதியினரின் கைக்குப் போன பஞ்சமி நிலத்தை மீட்டுக் கொடு. எவரையும் வெளியேற்றிவிட்டுக் கொடுக்காதே.

ஊர் எல்லையில் கழற்றப்படும் சீருடை

வேலையும் நிலமும் மட்டும்தானா மறுவாழ்வு? திரும்பி வருபவன் எந்த ஊருக்குத் திரும்புகிறான் என்பதை எந்தத் திட்டமும் கேட்பதில்லை.

2016இல் காஷ்மீரின் பாம்போரில் மத்திய ரிசர்வ் போலீஸ் வீரர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் உத்தரப் பிரதேசம் ஃபிரோசாபாத் மாவட்டத்துத் தலித். அவர் உடலை எரிக்கப் பொது இடம் தர அவர் ஊரின் ஆதிக்கச் சாதியினர் மறுத்தார்கள். அதிகாரிகள் வந்து பேசிய பிறகே கொஞ்சம் இடம் கிடைத்தது. 2020 பிப்ரவரியில் குஜராத்தின் பனஸ்கந்தா மாவட்டத்தில் ராணுவ வீரர் ஒருவர் தன் திருமணத்துக்குக் குதிரையில் ஊர்வலம் போனார். போலீஸ் பாதுகாப்போடு போனார். அப்போதும் கல் விழுந்தது. நாட்டைக் காக்க எல்லைக்குப் போகிறவனுக்கு, தன் தெருவில் குதிரை ஏறப் போலீஸ் வேண்டும்!

தேசபக்தர்களே, உங்களைக் கேட்கிறோம். நீங்கள் வணங்குவது வீரனையா, வீரனின் சாதியையா? பிணத்துக்கு மூவண்ணக் கொடி போர்த்துகிறீர்கள். பிணத்துக்கு ஆறடி நிலம் தர மறுக்கிறீர்கள். கொடிக்குத் தீட்டு இல்லை, அதன் கீழே கிடக்கும் உடலுக்கு மட்டும் தீட்டா?

அமெரிக்காவில் இதே பாடம்

சட்டத்தில் சாதி என்ற சொல்லே இல்லையே, பிறகெப்படிப் பாகுபாடு என்று கேட்பவர்களுக்கு அமெரிக்க உதாரணம் ஒன்று. 1944 ஜூன் 22இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஜி.ஐ. சட்டத்தில் கையெழுத்திட்டார். திரும்பும் வீரர்களுக்குக் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்கடன், வேலையில்லாக் காலத்தில் வாரம் 20 டாலர். சுமார் 78 லட்சம் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். அமெரிக்க நடுத்தர வர்க்கத்தை உருவாக்கிய சட்டம் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். அந்தச் சட்டத்தில் 'கறுப்பர்' 'வெள்ளையர்' என்ற சொற்கள் இல்லை.

ஆனால் செயல்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடமும் உள்ளூர் அதிகாரிகளிடமும் விடப்பட்டது. மிசிசிப்பியின் நிறவெறி எம்.பி. ஜான் ராங்கின் போன்றவர்கள் அதில் கண்ணும் கருத்துமாக இருந்தார்கள். வீட்டுக்கடனுக்கு அரசு உத்தரவாதம் மட்டும்தான். கடனைத் தருவது வெள்ளையர் வங்கி. 1947இல் மிசிசிப்பி நகரங்களில் எடுத்த கணக்கில் உத்தரவாதக் கடன்கள் 3,229. அவற்றில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை எத்தனை? இரண்டு. 1946 பிப்ரவரி 12இல் ஐசக் வுடார்ட் என்ற கறுப்பின வீரர் படையிலிருந்து விடுபட்ட சில மணி நேரத்தில், சீருடையோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியில் தெற்குக் கரோலினா போலீசாரால் தாக்கப்பட்டு இரண்டு கண்களையும் இழந்தார். தாக்கிய போலீஸ் தலைவரை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி விடுதலை செய்தது.

வங்கி மேலாளர், உள்ளூர் அதிகாரி, போலீஸ், ஜூரி. சட்டத்தில் இல்லாத நிறவெறி இந்த நான்கு இடங்களில் இருந்தது. நம் ஊரிலும் சாதி குடியிருக்கும் முகவரி அதுதான். 'எல்லா வீரர்களும் சமம்' என்று எழுதிவிட்டு அதை ஊரின் கையில் கொடுத்தால் ஊர் தன் வழக்கப்படிதான் பரிமாறும்.

நான்கு ஆண்டு, பிறகு?

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். 2022 ஜூன் 14இல் அக்னிபாத் அறிவிக்கப்பட்டது. அறிவித்தபோது பதினேழரை வயது முதல் 21 வரை சேரலாம் என்றார்கள். நான்கு ஆண்டு வேலை. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய். அதில் 30 சதவீதம் பிடித்தம் போகக் கைக்கு 21,000. அதிகபட்சம் 25 சதவீதம் பேர் மட்டும் நிரந்தரம். மற்றவர்களுக்குச் சேவா நிதி என்று சுமார் 11.71 லட்சம். ஓய்வூதியம் இல்லை. பணிக்கொடை இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியே இல்லை. கேண்டீனும் இல்லை, மருத்துவத் திட்டமும் இல்லை. அந்த 11.71 லட்சத்தில் பாதி அவன் சம்பளத்திலிருந்து பிடித்த பணமும் அதன் வட்டியும்.

முதல் ஆண்டில் அறிவித்த ராணுவ இடங்கள் சுமார் 40,000. முப்படைக்கும் சேர்த்து 46,000. அதில் முக்கால் பங்கு 34,500 பேர். ஓர் ஆண்டு அணியில் மட்டும் இத்தனை பேர் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் வெளியே நிற்பார்கள். முதல் அணியின் நான்காண்டு 2026 இறுதியில் முடியத் தொடங்குகிறது. துணை ராணுவத்தில் இடஒதுக்கீடு தருகிறோம் என்கிறார்கள். 10 சதவீதம் என்று எழுதி 1.29 சதவீதம் நிரப்பியவர்களின் வாக்குறுதி அது.

ஆதிக்கச் சாதிக் குடும்பத்துப் பையனுக்கும் இது அநியாயம்தான். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் தெருவுக்கு வந்தவர்கள் பல சாதியினர். ஆனால் அவன் திரும்பிப் போனால் நிலம் இருக்கிறது, மாமன் கடை இருக்கிறது, சங்கத்தில் செல்வாக்கு இருக்கிறது. சேவா நிதி அவனுக்கு முதலீடு. நம் பையனுக்கு அது அக்கா கல்யாணக் கடன், அம்மா ஆஸ்பத்திரிச் செலவு, ஓட்டு வீட்டுக்குக் கான்கிரீட் கூரை. ஒரே வருடத்தில் கரைந்துவிடும். மாதம் பிறந்தால் வரும் ஓய்வூதியத்தைக் கந்துவட்டிக்காரன் ஒரே நாளில் பிடுங்க முடியாது. மொத்தமாக வரும் பணத்தைப் பிடுங்கலாம். 1892இல் 'நீ வீரக்குடி இல்லை' என்று சொல்லி ஓய்வூதியத்தைப் பறித்தார்கள். 2022இல் 'நீதான் அக்னிவீரன்' என்று பாராட்டிப் பறிக்கிறார்கள்.

என்ன கேட்கிறோம்?

ஒன்று, அக்னிபாத்தைக் கைவிட்டு, ஓய்வூதியத்தோடு கூடிய நிரந்தரப் பணிக்குத் திரும்ப வேண்டும். ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு முன்னாள் படைவீரர் தகுதி கொடுக்க வேண்டும்.

இரண்டு, ஆளெடுக்கும்போது சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். 2022இல் இது சர்ச்சையானபோது பழைய நடைமுறைதான் என்று பாதுகாப்பு அமைச்சரே சொன்னார். அப்படியானால் கணக்கைக் காட்டுங்கள். எந்தச் சாதியினர் எந்தப் பிரிவில், எந்தப் பதவியில், ஓய்வுக்குப் பின் எந்த வேலையில்? துப்புரவுப் பிரிவில் யார்?

மூன்று, துப்புரவு உள்ளிட்ட டிரேட்ஸ்மேன் பிரிவிலிருந்து ஓய்வுபெறுவோருக்குப் பணிக்காலத்திலேயே வேறு தொழிற்பயிற்சியும் சான்றிதழும் கட்டாயமாக வேண்டும். படையில் கழிவறை கழுவியவனுக்கு வெளியிலும் கழிவறைதான் என்ற ஈடுகட்டலை ஒழிக்க வேண்டும்.

நான்கு, தொழில்கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்காமல் அரசே உத்தரவாதம் கொடுக்க வேண்டும். பட்டியலின, பழங்குடிப் படைவீரர்களின் மக்கள்தொகைப் பங்குக்கு ஏற்ப இலக்கு வைத்து, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

ஐந்து, ஒப்பந்தப் பணிகளிலும் இரண்டு இடஒதுக்கீடுகளும் பொருந்த வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்: பதிவு செய்தவர்களில் பட்டியலினத்தவர் எத்தனை, கடன் பெற்றவர்களில் எத்தனை, வேலைக்கு அனுப்பப்பட்டவர்களில் எத்தனை? பத்து ரூபாய் செலவு. உங்கள் தெருவில் ஓய்வுபெற்று வந்தவர் அங்கே பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். கணவனை இழந்த அம்மாக்கள் குடும்ப ஓய்வூதியத்துக்கு யார் யாரிடமோ கமிஷன் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த விண்ணப்பத்தை நீங்கள் நிரப்பிக் கொடுங்கள். சீருடை போட்டவர்மீது சாதி வன்கொடுமை நடந்தால் 'ராணுவக்காரர் பிரச்சினை' என்று ஒதுங்காமல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய வையுங்கள்.

அன்று காலனியிலிருந்து கிளம்பும்போது தம்பி பெரியப்பாவிடம் நேராகவே கேட்டான். "பெரீப்பா, நான் போகட்டுமா?" அவர் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். "போறதுன்னா போடா கண்ணு. ஆனா டிகிரிய முடிச்சுட்டு, எழுதுற பரிச்சையெல்லாம் எழுதிப் பாத்துட்டு அப்பறம் போ. நாலு வருசங் கழிச்சு நீ திரும்பி வந்தீன்னா, அந்தத் தோட்டத்து வாசலு அங்கயேதான் இருக்கும்."

தம்பி இப்போது பி.ஏ. சேர விண்ணப்பித்திருக்கிறான். முதல் ஆண்டுக் கட்டணத்துக்கு நாங்கள் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த வாசலில் அவன் நிற்கக் கூடாது.

ஜெய் பீம்!